வண்டி பார்த்த திசை

என் தங்கைக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய், படிக்கட்டுக்கு அடியிலும் பூந்தொட்டிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டு வருவாள். பதினாறு வருஷமாகச் சைக்கிளில்தான் போகிறாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் வீட்டுக்காரரே கடிப்பார் என்று அவளுக்கு அத்துப்படி.

அவள் போகும் தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். விலை கூடின சைக்கிள் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர். ஒருநாள் மேட்டுத் தெருவில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, இவள் ரீடிங் நோட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துருப்பிடித்த வண்டியில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறாள். போகிற போக்கில், "சார், உங்க மீட்டர்ல லீக் இருக்கு, ஆளை வெச்சுப் பாருங்க" என்று வேறு சொல்லியிருக்கிறாள். அவர்தான் இந்தப் பைத்தியத்தை இவளுக்கு ஒட்டவைத்தவர்.

பைத்தியம் என்னவென்றால், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தூரத்தைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். தூங்குவது, தின்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அந்தத் தொண்ணூறுக்குள்தான். இதில் முதல் பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. நேரத்துக்குள் வந்தால் பட்டியலில் பேர் வரும். வராவிட்டால் ஓட்டின தூரம் அத்தனையும் ஓட்டாததற்குச் சமம்.

கையில் ஒரு கார்டு கொடுப்பார்கள். வழியில் பதினோரு இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கண்ட்ரோல் என்று பேர். ஒவ்வொன்றிலும் முத்திரை வாங்க வேண்டும். கூட வரும் ஆட்கள் அந்த இடங்களில் மட்டும்தான் உதவலாம். நடுவில் ரோட்டில் கண்ணெதிரே வந்து நின்றாலும், ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும், வழி சொன்னாலும், கார்டைக் கிழித்துவிடுவார்கள்.

முதல் தடவை போனபோது கடைசி நாலு கிலோமீட்டரில் ரயில்வே கேட் மூடிவிட்டான். கேட் திறந்து அவள் வந்து சேர்ந்தபோது தொண்ணூறு மணி, மூணு நிமிஷம். நேரம் குறிக்க மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஊரில் கடிகாரக்கடை வைத்திருப்பவர். அவர் அதை அப்படியே எழுதினார். "ரயிலுக்காவது மூணு நிமிஷம் கழிச்சுக்கக் கூடாதாய்யா?" என்று நான் சண்டைக்குப் போனேன். "என் கடிகாரத்துக்கு ரயில் தெரியாதுங்க" என்றார். அன்றைக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

ஆனால் அடுத்த வாரமே நான் செய்த காரியம் அதைவிட மோசம். தண்ணீர் பில் கட்டப் போன இடத்தில், கவுண்டரில் இருந்த கிளார்க்கிடம், "உங்க மூணு நிமிஷம் ரவுண்ட்ஸ் போயாச்சா?" என்று கேட்டு வைத்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொண்டு ஓடும். அன்று முதல் ஆபீஸில் அவள் பேரே அதுதான். "மூணு நிமிஷம், மூணாவது வார்டு நோட்டு எங்க?" "மூணு நிமிஷம் லீவா இன்னிக்கு?" அவள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் பேரைக் கொடுத்தாள்.

அதற்குள் முட்டி தேய்ந்திருந்தது. எலும்பு டாக்டர், "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் உங்க முட்டிக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். இதை விட்டால் அவளுக்கு வேறு தடவை கிடையாது.

புதன்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் திரும்ப வேண்டும். நானும் அவள் வீட்டுக்காரரும் என் பட்டறை லோடு வேனில் போனோம். நான் கிரில், கேட் செய்கிற வெல்டர். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. பேசவே மாட்டார். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் நாலாக மடித்து, நகத்தால் நீவிக்கொண்டே இருப்பார்.

தூங்கும் விஷயத்தில் தங்கைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கே படுத்தாலும், போக வேண்டிய திசையைப் பார்த்து வண்டியைச் சாத்திவிட்டுத்தான் படுப்பாள். மூணு நாள் தூக்கம் இல்லாதவன் அரைமணி நேரம் தூங்கி எழுந்தால், தான் யாரென்றே தெரியாது. முன்சக்கரம் எங்கே பார்க்கிறதோ அங்கே ஓட்டுவான். அறுநூறு கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்தில் ஒருவன் இப்படி எழுந்து, வந்த வழியே இருபது கிலோமீட்டர் போனதை அவள் பார்த்திருக்கிறாள். இதை எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள். நானும் இரண்டு தடவை "ம்" கொட்டியிருந்தேன்.

கடைசி கண்ட்ரோல் ஒரு லாரி எடைமேடை. ஆயிரத்து நூற்று முப்பதாவது கிலோமீட்டர். ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்கு வந்தாள். முகம் வேக வைத்த மாதிரி இருந்தது. உதடு வெடித்திருந்தது. கார்டில் முத்திரை வாங்கிக்கொண்டு, ரொட்டியை டீயில் முக்கி இரண்டு வாய் விழுங்கினாள்.

"எவ்வளவு தூரம் இருக்கு?"

"எழுபது. இன்னும் ஆறரை மணி நேரம் கையில இருக்கு. நடந்தே வந்துரலாம்" என்றேன்.

"நீ நட, பாப்போம்" என்றாள். வண்டியைச் சுற்றுச்சுவரில் சாத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய சமையலறை டைமரை அரைமணிக்குத் திருகிவிட்டு, எடைமேடை அறைக்குள் பெஞ்சில் விழுந்தாள். விழும்போதே தூங்கியிருந்தாள்.

செயின் காய்ந்து கிறீச்சிடுவதை அவள் வரும்போதே கேட்டேன். எனக்குக் கை சும்மா இருக்காது. செயின் வண்டியின் வலது பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியைத் தூக்கித் திருப்பிச் சாத்தினேன். செயினைத் துணியால் துடைத்து, கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டேன். பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்கை முறுக்கினேன். பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். கையைத் துடைத்துக்கொண்டு, "வா மாப்பிள்ளை, சுத்து ரோட்ல முன்னாடி போயிருவோம். டைமர் அவளை எழுப்பிவிடும்" என்று கிளம்பிவிட்டேன்.

ஓட்டம் முடியும் இடம் விளையாட்டு மைதானத்தின் பின்கேட். மேசை, ரப்பர் முத்திரை, பக்கத்தில் கம்பத்தில் மாட்டிய பெரிய வட்டக் கடிகாரம். அதன் கீழே கடிகாரக்கடைக்காரர். என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

என் கணக்குக்கு அவள் இரண்டரைக்குள் வந்துவிட வேண்டும். ஒன்றரை மணி அவகாசத்தோடு. இரண்டு பத்துக்கு வந்தது பல் டாக்டர். வண்டியைக் கீழே போட்டுவிட்டு, முத்திரையைக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

"அக்கா வந்துட்டாங்களா?"

"இல்லையே. உங்களுக்கு முன்னாடிதானே கிளம்பினா?"

"காலைல நான் எடைமேடைக்கு வர்றப்போ எதிர்ல போனாங்களே. நான் கை ஆட்டினேன், அவங்களும் ஆட்டுனாங்க. எதையாவது மறந்து எடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

"எதிர்லன்னா?" மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"எதிர்லதான். வந்த வழியில. எடைமேடைக்கு மூணு கிலோமீட்டர் அந்தாண்ட."

என் இரண்டு உள்ளங்கையிலும் அந்த ஃப்ரேமின் கனம் வந்து உட்கார்ந்தது. தூக்கினேன். திருப்பினேன். சாத்தினேன். திரும்ப மாற்றி வைக்கவில்லை.

"மாப்பிள்ளை, வண்டியை நான் திருப்பி வெச்சுட்டேன்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையிலிருந்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். அது மடியவில்லை.

கடைக்காரர் எடைமேடையில் இருந்த ஆட்களுக்குப் போன் போட்டார். பத்தேமுக்காலுக்கு மேசையை மடித்துவிட்டார்களாம். அதுவரைக்கும் அவள் திரும்பி வரவில்லையாம். ஓட்டத்தில் தங்கையின் போன் எப்போதும் அணைந்தேதான் இருக்கும். "போன் அடிச்சா பேசுவேன், பேசினா அழுவேன், அழுதா நின்னுருவேன்" என்பாள்.

"சாவியக் குடு மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கு?"

"எதுக்கா? அவ எங்கயாவது மயங்கிக் கிடந்தா? மூணு நாளா தூங்காதவ, இந்த வெயில்ல, எந்த ரோட்ல போறான்னே தெரியல."

"கிடக்கலன்னா? தானா முழிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டிருந்தா? நம்ம மூஞ்சியைப் பாத்தா அத்தோட முடிஞ்சுது."

"முடியட்டுமே. கார்டு பெருசா, ஆள் பெருசா?"

கடைக்காரர் குறுக்கே வந்தார். "போறதுன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா ரோட்ல அவங்களப் பாத்தீங்கன்னா, எங்கிட்ட வந்து நீங்களேதான் சொல்லணும். சொன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

"சொல்லலைன்னா?" என்றேன்.

"சொல்லுவீங்க" என்றார் அந்த ஆள், என் கண்ணைப் பார்த்து. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அதை வெளியே எடுத்து மேசைமேல், முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். "மூணு மணி வரைக்கும் பொறு மாப்பிள்ளை. அதுக்குள்ள சேதி வரலைன்னா நானே ஓட்டுறேன். கார்டு நாசமாப் போகட்டும்."

எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஒடிந்ததை ஒட்டவைத்தும், வளைந்ததை நிமிர்த்தியும் பிழைத்தவன் நான். கையை அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய முள் இரண்டரையைத் தாண்டியது. இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அவளைப் பார்க்கவே இல்லை. இரண்டே முக்காலுக்கு ஒருத்தர் வந்தார். அவரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சாவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு காய்கறி லாரி வந்து நின்றது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆளும், எட்டு மாதிரி வளைந்த சக்கரத்தோடு ஒரு சைக்கிளும். ஓட்டத்தை விட்டுவிட்டு வருகிறவர்.

"மீட்டர்க்காரம்மாவைப் பாத்தீங்களா?" மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். கடைக்காரரையும் சேர்த்துத்தான் மூன்று.

"பாத்தேனே. பெரிய பாலத்துக்கிட்ட. ரெண்டேகால் இருக்கும்."

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டுறாங்களா?"

"ஓட்டுறாங்க. ஆனா கழுத்து போயிருச்சுங்க. தலை நிக்கல. ஒரு கையால தாடையைத் தாங்கிக்கிட்டு, ஒரு கையால ஓட்டுறாங்க. எதிர்க்காத்து வேற."

மூணு நாள் குனிந்தே ஓட்டினால் கழுத்துச் சதை விட்டுப்போகும். தலை தொங்கிப்போய் முன்சக்கரம் மட்டும்தான் தெரியும். பாலத்திலிருந்து இங்கே இருபத்தைந்து கிலோமீட்டர். ரெண்டேகாலிலிருந்து நாலு வரை ஒன்றேமுக்கால் மணி. கடைக்காரர் காகிதத்தில் கணக்குப் போட்டார். சொல்லாமல் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னய்யா, சொல்லு."

"மணிக்குப் பதினாலு கிலோமீட்டருக்குக் கொறையாம வரணும். ஒரு கையில."

சாவி மேசையிலேயே கிடந்தது. இப்போது அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

மூணு முப்பத்தாறுக்குத் தூரத்தில் ரயில் ஊதியது.

அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி அதே கேட். போன தடவை ஒன்பது நிமிஷம் மூடியிருந்த அதே கேட். பல் டாக்டர் கையிலிருந்த வாழைப்பழத்தை உரிக்காமலே கடித்துவிட்டு, துப்பினார்.

மூணு நாற்பத்தைந்து. ஐம்பது. மைதானத்துப் பின்கேட்டுக்கு வெளியே ரோடு நேராக ஒரு கிலோமீட்டர் தெரியும். ஐம்பத்து மூணுக்கு அதன் கோடியில் ஒரு புள்ளி ஆடியது. பஸ் ஒன்று அதை மறைத்தது. பஸ் போனபின் புள்ளி சைக்கிளாகியிருந்தது.

அவள்தான். ஆனால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. கிட்ட வந்தபோதுதான் பார்த்தேன். ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பழைய டியூபைக் கட்டி, அதைக் கீழே இழுத்து முதுகுப்பை வாரில் முடிந்திருந்தாள். தலையை அதுதான் இழுத்துப் பிடித்திருந்தது. நாங்கள் கத்தியது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டுக்குள் வந்து, காலை ஊன்றத் தெரியாமல், வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். மூணு ஐம்பத்தாறு.

மாப்பிள்ளை பாய்ந்தார். "ஆளைத் தூக்குங்க. கார்டை மட்டும் தொடாதீங்க" என்று கடைக்காரர் கத்தினார். "அவங்க கையால எங்கிட்டக் குடுக்கணும்!"

கார்டு நெஞ்சோடு மாட்டிய சின்னப் பையில், ஜிப்புக்குள். அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஜிப்பைப் பிடிக்கிறாள், நழுவுகிறது. பிடிக்கிறாள், நழுவுகிறது. என் கை தானாக நீண்டது. என் இடது கையால் என் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். கடிகாரத்தில் ஐம்பத்தேழு. அவள் பையை முகத்துக்குத் தூக்கி, ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். திறந்தது. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் கார்டை இடுக்கி, ஒரு குழந்தையைக் கொடுப்பது போல நீட்டினாள்.

கடைக்காரர் முத்திரையைக் குத்திய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது போலிருந்தது எனக்கு. நேரத்தை எழுதி, என் பக்கம் கார்டைத் திருப்பிக் காட்டினார். எண்பத்தொன்பது மணி, ஐம்பத்தெட்டு நிமிஷம். "ரயிலுக்கு இந்தத் தடவையும் ஒண்ணும் கழிக்கல" என்றார்.

தங்கையைப் பாயில் படுக்கவைத்தோம். டியூபை அவிழ்த்ததும் தலை என் கையில் வந்து விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"காத்து பின்னாடியிலேர்ந்து தள்ளுச்சுண்ணே. பரவால்லயே, காத்து மாறிடுச்சேன்னு சந்தோஷமா மிதிச்சேன்."

"கிலோமீட்டர் கல்லைப் பாக்கலையா நீ?"

"பாத்தேன். ஒவ்வொரு கல்லுலயும் நம்ம ஊருக்குன்னு போட்டிருக்கிற எண் ஏறிக்கிட்டே போச்சு. சரியாத்தானே ஏறுதுன்னு நினைச்சேன்." சிரிக்கப் பார்த்தாள், உதடு விடவில்லை. "பதினாறு வருஷமா ஏறுற எண்ணைத்தானே பாக்குறேன். இறங்குனாத்தான் சந்தேகம் வரும் எனக்கு."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு வீட்டுவாசல்ல மீட்டரைத் தலைகீழா மாட்டி வெச்சிருந்தான் எவனோ. தண்ணி போற திசையைக் காட்டுற அம்புக்குறி வீட்டுக்குள்ள பாக்காம ரோட்டைப் பாத்துட்டிருந்துச்சு. காலைலயே அதைப் பாத்துச் சிரிச்சேன். அதே மீட்டர் மறுபடியும் வருது. பதினோரு கிலோமீட்டர் போயிட்டேண்ணே."

"வண்டியைத் திருப்பி வெச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"திரும்பி வர்றப்போ செயின்ல சத்தமே இல்ல. நீ எண்ணெய் விட்டிருக்கேன்னு அப்பவே தெரிஞ்சுது."

"வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாமே என்னை."

"திட்டினேன். கேட் மூடியிருந்த ஆறு நிமிஷமும் திட்டிக்கிட்டேதான் இந்த டியூபைக் கட்டினேன். கேட்கீப்பர் தன்னைத் திட்டுறேன்னு நினைச்சுட்டாரு, பாவம்." கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "அண்ணே."

"சொல்லும்மா."

"நாளைக்கு எங்க ஆபீஸுக்கு வா. அந்தப் பேரை நீதானே கொண்டுபோய்க் குடுத்த. நீயே வந்து எடுத்துட்டுப் போ."

திங்கட்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன். கவுண்டரில் வரிசை வாசல்வரை நின்றது. வரிசையை விட்டு நேராக முன்னால் போனேன். "பில்லா? வரிசையில வாங்க" என்றார் கிளார்க்.

"பில் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு ஒரு பேரு சொன்னேன். அது தப்பு. என் தங்கச்சி நேத்து நேரத்துக்குள்ள வந்துட்டா. நான் வேற அவளைப் பதினோரு கிலோமீட்டர் தப்பா அனுப்பினேன், அப்படியும் வந்துட்டா. இனிமே அந்தப் பேரை இங்க யாரும் சொல்லக் கூடாது."

என் காது சுட்டது. அத்தனை பேருக்கு முன்னால் நான் எதையும் வாபஸ் வாங்கினதில்லை.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "சரிங்க. அப்ப இனிமே நாங்க என்னன்னு கூப்பிடுறது?"

நான் இதை யோசித்துக்கொண்டு போகவில்லை.

"மேடம்னு கூப்பிடு" என்றேன்.